சேதி இல்லாத ஓட்டம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்து நின்றுவிடுகிறது. யாருக்கு எந்தப் பக்கம் வலி, யார் எந்த எண்ணெய் தேய்க்கிறார்கள், மாடிப்படியை யார் கைவிட்டுவிட்டார்கள் என்பதையெல்லாம், ஒரு காலத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பேசிய அதே அக்கறையோடு பேசிக்கொள்கிறோம். சென்ற மாதம் அப்படியொரு பேச்சின் நடுவே, நான் இப்போதெல்லாம் காலையில் ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோழிகள் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், யாரிடமிருந்து என்று கேட்டாள்.

அப்போது சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது வெறும் கேலியாகத் தோன்றவில்லை. நம்மில் யார் காரணமில்லாமல் ஓடியிருக்கிறோம்? பள்ளி மணிக்கு ஓடினோம், பேருந்துக்கு ஓடினோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடினோம். ஓட்டம் என்றால் அதன் மறுமுனையில் ஏதோ ஒன்று காத்திருக்க வேண்டும். எதுவும் காத்திராத ஓட்டம் ஒன்று சிறுவயதில் என்னிடம் இருந்தது. ஒரு பங்குனி மாதத்து மாலையில் அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய பிறகு அது எப்படித் திரும்பி வந்தது, ஒரே ஒரு தெருவில் மட்டும் ஏன் நுழையத் தயங்கி நின்றது என்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த கதை சிறியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்று மருத்துவர் சொன்னதால் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கத் தொடங்கியிருந்தேன். ஓய்வு பெறும்வரை ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தவள் நான். என் நடையும் நூலகத்துக்குள் நடக்கும் நடையாகவே இருந்தது. ஆனி மாதம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. என் தோளில் கிடந்த துவாலையை அது பிடுங்கிக்கொண்டு போயிற்று. துவாலை சாலையில் உருண்டது, எழுந்து நின்றது, தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் உருண்டது. அதன் பின்னால் நான் போனேன். ஓடுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை; துவாலை போகிறது என்பது மட்டும் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அது ஓர் உடைமரத்து முள்ளில் சிக்கிக்கொண்டது. நான் நிற்கவில்லை. துவாலையைத் தாண்டி ஓடினேன்.

அதிக தூரம் இருக்காது. மூச்சு தொண்டையில் உப்பாக உறைத்தது, சேலை கணுக்காலைச் சுற்றியது, ஒரு செருப்பு எங்கேயோ கழன்றிருந்தது. ஆனால் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்க யாருமில்லாத சாலையில், இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் புதியதல்ல. எங்கள் தெருவில் விட்டுவிட்டு வந்த சிரிப்பு அது.

அந்தத் தெரு இன்னும் இருக்கிறது. தூத்துக்குடியில் கடலுக்கும் மாதா கோவிலுக்கும் நடுவே போடப்பட்ட கோடு போன்ற தெரு. கீழ்முனையில் மணல், மேல்முனையில் கோவிலின் இரும்புக் கிராதி. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள். நடுவில் எங்கள் வீடு. கோவிலை ஒட்டிய கடைசி வீடு சித்தப்பாவுடையது. ஆண்கள் பெரும்பாலும் சங்கு குளிக்கப் போகிறவர்கள். முத்துக் குளிப்பு எனக்கு நினைவு தெரியும் முன்பே நின்றுபோயிருந்தது. ஆனால் கடலடியில் சிப்பியும் சங்கும் கிடக்கும் மேடுகளைப் பார் என்றும், ஒவ்வொரு பாரையும் அதன் பெயரிட்டும்தான் எல்லோரும் பேசுவார்கள், அடுத்த தெருவைப் பேசுவது போல. இருட்டோடு வள்ளங்கள் பாய் விரித்துப் போகும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் திரும்பும். கரையில் சதை அழுகுவதற்காகப் புதைத்து வைத்த சங்குகளின் நாற்றத்தை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். எங்களுக்கு அது மாலையின் வாசனை. அதோடு கருப்பட்டிக் காப்பி கொதிக்கும் வாசனையும் சேர்ந்தால் பொழுது சரியாகப் போகிறது என்று பொருள்.

வள்ளங்கள் தொலைவில் தெரிந்ததும் கரையிலிருந்து ஓடிப்போய் வீடுகளுக்குச் சொல்வது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைவிட நான் வேகமாக ஓடினேன், அதனால் அது எனக்கு வந்து சேர்ந்தது. சேதி கிடைத்ததும் பெண்கள் வெந்நீர் போடுவார்கள். பகல் முழுவதும் தண்ணீருக்கடியில் கிடந்தவர்கள் உடம்பு விறைத்து, கண் சிவந்து வருவார்கள். பாய்களை ஒட்டுகளால் அடையாளம் கண்டுகொள்வோம். சித்தப்பாவின் வள்ளத்துப் பாயில் மேல்மூலையில் நீல ஒட்டு. எனக்குச் சிறிதாகிப்போன பள்ளிப் பாவாடையை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்தது அது. ஆகவே ஒவ்வொரு நாளும் என் பழைய பாவாடை கடலைத் தாண்டி வருவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிறகு ஓடுவேன். "நீல ஒட்டு வருது" என்று தெருவின் முதல் வீட்டிலிருந்தே கத்திக்கொண்டு ஓடுவேன். தெரு எனக்கு வைத்த பெயர் தந்தி.

கத்துவது முக்கியம். எங்கள் தெருவில் ஓட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. நல்ல சேதியோடு ஓடுகிறவர் தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு வருவார். கெட்ட சேதியைக் கொண்டுவருகிறவர் வாய் திறக்க மாட்டார். எந்த வீட்டுக்குரிய சேதியோ அந்த வீடுதான் அதை முதலில் கேட்க வேண்டும். ஒரு சாவைத் தெருவெல்லாம் கூவி, உரியவளின் காதில் கடைசியாக விழவைக்கக் கூடாது என்பது அந்த மனிதர்களின் மரியாதை. அதனால் குரலில்லாமல் காலடிச் சத்தம் மட்டும் கேட்டால் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எந்த வாசலில் அந்தக் கால்கள் நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் வாசலைக் கடந்துவிட்டால் ஒருத்தி மூச்சுவிடுவாள். மூச்சுவிட்ட குற்றத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டு பின்னாலேயே நடப்பாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். கத்த வேண்டும் என்பது தெரியும். கத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்ததில்லை. என் அப்பா கடலில் இறந்துபோனபோது நான் கைக்குழந்தை.

நான் சொல்ல வந்த பங்குனி, தபசுக் காலத்தில் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் ஆளுக்கொன்றை ஒறுத்து விடுவார்கள்; இறைச்சியை, இனிப்பை, வெற்றிலையை. அந்த ஆண்டு சித்தி தன் கணவரோடு பேசுவதை விட்டிருந்தார். ஒறுத்தல் என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் காரணம் தெருவுக்கே தெரியும். புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாறைகளை ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருந்தன. உடம்பில் வலுவுள்ளவர்களுக்குத் தரையிலேயே வேலை கிடைத்தது. சித்தப்பாவும் அங்கே போக வேண்டும், கடலுக்கடியில் போனது போதும் என்பது சித்தியின் கட்சி. கல் சுமப்பதற்கா மூச்சடக்கப் பழகினேன் என்பது சித்தப்பாவின் கட்சி. கல்யாணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. அடுத்த வீட்டு மாமி தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தபசுக்குக் கறிய விடுவாவ, காப்பிய விடுவாவ. நம்ம தெருவுல ஒருத்தி புருசனையே விட்டுட்டா."

அந்த வீட்டிலும் தந்தி நான்தான். கஞ்சி ஆறுகிறது என்று சித்தி அடுப்பைப் பார்த்துச் சொல்வார். நான் அதைச் சித்தப்பாவிடம் சொல்வேன். உப்புப் போதவில்லை என்று அவர் கூரையைப் பார்த்துப் பதில் அனுப்புவார். மூன்று பேருக்கும் கைக்கெட்டும் தூரம்தான். ஒருமுறை நான் சித்தப்பாவின் பதிலைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொல்லிவிட்டேன். சித்தி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "இத அவிய சொல்லல, நீ சொல்லுத" என்றார். ஆனால் அன்று காப்பியில் கருப்பட்டி கூடுதலாக இருந்தது.

அந்த நாளில் மதியம் காலமல்லாத காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. வள்ளங்கள் எதுவும் திரும்பவில்லை. பெண்கள் செய்கிற வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்தார்கள், அவ்வளவுதான். வழக்கம் போல நான் கரைக்குப் போனேன். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பாய் ஒன்றும் கண்ணில் படவில்லை. எனக்கு அதில் அச்சம் ஏதும் தோன்றவில்லை. பிந்திப் போனால் பிந்தி வருவார்கள் என்று நினைத்தேன். சொல்ல எதுவும் இல்லாததால் திரும்பினேன்.

அப்போதுதான் காலுக்கடியில் மணலைக் கவனித்தேன். மழையில் இறுகி, தட்டினால் ஓசை வரும் போல் இருந்தது. காற்று முதுகில் கைவைத்தது. வேறொன்றும் இல்லை; ஓடினேன். ஒவ்வொரு நாளும் ஓடிய தெருதான், ஆனால் அதுவரை நான் வாயில் ஒரு சுமையோடு ஓடியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. அன்று சுமையில்லை. ஈரத் தரையில் என் கால்கள் போடும் சத்தத்தை முதல்முறையாக நானே கேட்டேன். வேப்பமரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் நெற்றியில் பட்டது. சுவர்கள் நகர்ந்தன. உடம்பு ஒரு பாய், அதற்குள் காற்று நிறைகிறது என்று பட்டது. வாசல்களில் யார் வந்து நிற்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

கோவில் கிராதியைத் தொட்டுத்தான் நிற்பது வழக்கம். அன்று அதற்கு முன்பே தாகம் எடுத்துவிட்டது. சித்தியின் வாசலில் எப்போதும் ஒரு பானையில் தண்ணீர் இருக்கும். அங்கே நின்றேன்.

சித்தி உள்ளேயிருந்து காப்பிப் பாத்திரத்தோடு வந்தவர், முதலில் என் கால்களைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். மூச்சு வாங்கியதால் என்னால் பேச முடியவில்லை. பாத்திரம் கீழே விழுந்தது. சூடான காப்பி வாசற்படியில் ஓடியது. அப்படியே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "பேசலையே... ஒரு வார்த்த பேசாம அனுப்பிட்டனே" என்று சித்தி சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அழுகையாயிற்று, பிறகு ஒப்பாரியாயிற்று.

அதற்குள் தெருவே அங்கே வந்துவிட்டது. தம் வாசல்கள் தப்பிய பெண்களெல்லாம் சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒன்றும் இல்லை, சும்மாதான் ஓடி வந்தேன் என்று நான் சொன்னேன். அடுத்த வீட்டு மாமி என் தலையைத் தம் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிள்ளை மிரண்டுவிட்டது, உளறுகிறது என்றார். மறுபடியும் சொன்னேன். சும்மா என்ற சொல்லை அந்த இரைச்சலில் யார் கேட்பார்கள்? அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் அழவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் வள்ளங்கள் கரை சேர்ந்திருந்தன. வடக்குப் பாரில் மழையைக் கடத்திவிட்டு, தாமதமாகப் பாய் விரித்து, எல்லாம் பத்திரமாக வந்திருந்தன. கரையில் வரவேற்க ஓர் ஆள் இல்லாததை வியந்துகொண்டே சித்தப்பா தெருவுக்குள் திரும்பியிருக்கிறார். தம் வாசலில் கூட்டம், உள்ளே ஒப்பாரி. மனைவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் ஓடி வந்தார். வாயைத் திறக்காமல்தான் ஓடி வந்தார். கழுத்தில் தொங்கிய வலைப்பையில் சங்குகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அழுதுகொண்டிருந்த வாய்கள் திறந்தது திறந்தபடி நின்றன.

சித்தப்பாவுக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரமாயிற்று. விளங்கியதும் வலைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன அழுது முடிச்சாச்சா, இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார்.

சித்தி எழுந்தார். கையில் அகப்பட்ட பாத்திரத்தாலேயே அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "எங்க போயித் தொலஞ்சிய இவ்வளவு நேரம்?"

"தபசு முடிஞ்சிட்டு போலயே" என்று மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டார். தெரு சிரித்தது, அழுத கண்களோடு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார்.

குசினியில் அடுப்போரம் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டார். சீப்பு தலையில் தடுக்கித் தடுக்கிப் போயிற்று. கோபத்தில் இப்படி வாருகிறார் என்று நினைத்தேன். கடைசியில் பின்னலை முடிந்தபடி சொன்னார்: "இனிமே நீ ஓடக் கூடாது. எங்கயும் ஓடக் கூடாது, எதுக்கும் ஓடக் கூடாது."

வள்ளம் வருவதைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். வேறு பிள்ளை சொல்லும் என்றார். மறுநாள் வேறு பிள்ளை சொல்லியது. நீல ஒட்டை நான் வீட்டு ஜன்னலிலிருந்து, மற்றவர் குரலில் கேட்டேன்.

பெரியவர்கள் தந்த தண்டனைகளில் பலவற்றை நாம் மீறியிருக்கிறோம். இதை நான் மீறவில்லை. ஏன் என்று எனக்கே பல காலம் விளங்கவில்லை. பள்ளி விளையாட்டு விழாக்களில் மற்றவர்களின் செருப்புகளைக் காத்துக்கொண்டு நிழலில் இருந்தேன். பிறகு தாவணி வந்தது, சேலை வந்தது. ஓடாதே என்று யாரும் சொல்லத் தேவையில்லாத வயது வந்தது. நூலகராகப் போன இடத்தில், புத்தக அடுக்குகளுக்கிடையே ஓடுகிற மாணவிகளை நிறுத்துவதே என் வேலையாயிற்று. பைய நட என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. அம்மா மறைந்தபோது, தெருவைச் சங்கடப்படுத்திய மகளை அவர் மன்னித்தாரா என்ற கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

துவாலை பறந்த நாளுக்குப் பிறகு, மறைவாக ஓடத் தொடங்கினேன். தருவைகுளம் போகும் வழியில் உப்பளங்களுக்கு நடுவே செல்லும் மண் பாதை. அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கொஞ்சம் ஓடுவேன், கொஞ்சம் நடப்பேன். பாத்திகளில் வானம் சதுரம் சதுரமாகக் கிடக்கும். என்னோடு ஒரு நிழலும் பாத்தி பாத்தியாகத் தாவி வரும். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி சில நாட்கள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள்: "யக்கா, யாரும் வெரட்டுதாவளா?"

இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு?"

மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். மருத்துவர் நடக்கத்தான் சொன்னார். அவள் திருப்தியோடு தலையசைத்தாள், எனக்குத்தான் திருப்தியில்லை. மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் சென்னையிலிருந்து ஓடுவதற்கான காலணியும், துடிப்பை எண்ணும் கைக்கடிகாரமும் அனுப்பினாள். காலணியைப் போட்டுக்கொண்டேன். கடிகாரத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். எண்ணத் தொடங்கினால் அதுவும் ஒரு சேதியாகிவிடும்.

உப்பளத்தில் ஓடினேன், கடற்கரைச் சாலையில் ஓடினேன். எங்கள் தெருவில் மட்டும் என் கால்கள் தாமாகவே நடையாகிவிடும். ஞாயிறு பூசைக்குப் பிறகு சித்தியைப் பார்க்கப் போவது என் வழக்கம். சித்தப்பா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. சித்திக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புகை மூடிவிட்டது. எவரையும் காலடியை வைத்தே சொல்லிவிடுவார். தெருவும் மாறித்தான் இருந்தது. வள்ளங்களில் இயந்திரம் வந்துவிட்டது, கடலிலிருந்தே கைப்பேசியில் பேசிவிடுகிறார்கள், சேதிக்காக யாரும் ஓடுவதில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் ஓடி, சித்தியின் நெஞ்சில் ஒருமுறை விழுந்ததை மறுமுறை விழவைக்க எனக்குத் துணிவில்லை. அங்கே ஓடாமல் என் ஓட்டம் முழுவதும் எனக்குச் சொந்தமாகாது என்பதும் தெரிந்திருந்தது.

இந்த ஆண்டு தபசுக் காலத்து ஞாயிறொன்றில் சித்தி கேட்டார்: "என்னளா, ஒன் காலு சத்தம் மாறியிருக்கு. ரப்பர் செருப்பா?"

சொன்னேன். காலணியையும் சொன்னேன், உப்பளத்தையும் சொன்னேன், துவாலையையும் சொன்னேன். சித்தி வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு நானே அந்தப் பங்குனி நாளை எடுத்தேன். அம்மா கடைசிவரை என் மேல் கோபமாகவே இருந்தாரா என்று கேட்டேன்.

"கோவமா? ஒங்கம்மாவுக்கு அது ஓட்டமாவே தெரியல, கேட்டியா. அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா, ஒங்கப்பா போன அன்னைக்கும் இப்படித்தான் ஒருத்தன் வாயத் தொறக்காம ஓடி வந்தான். ஒங்க வாசல்ல நின்னான். நீ அவ மடியில பால் குடிச்சிக்கிட்டு கெடந்த." சித்தி தம் சேலைத் தலைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். "சேதி சொல்லுத பிள்ளன்னு ஒன்னச் சொல்லிட்டாவ. நல்ல சேதியவே எத்தன நாளு சொல்லுவ? ஒரு நாளு அந்தச் சேதியையும் நீதான தூக்கிட்டு எவ வாசல்லயாவது போயி நிக்கணும். எம்பிள்ள அதச் செய்யக் கூடாதுன்னா. அதுக்குத்தான் நிப்பாட்டுனா."

தடுக்கித் தடுக்கிப் போன சீப்பு எனக்கு நினைவு வந்தது. நடுங்கிய கை அது. கோபம் என்று நான் படித்ததும் பிழை. ஓடும் கால்களெல்லாம் அந்தக் கால்கள்தான் என்று அம்மா எண்ணியதும் பிழை. இரண்டு பிழைகளும் ஒரே வீட்டில், ஒன்றையொன்று கேட்காமல், எத்தனையோ ஆண்டுகள் குடியிருந்திருக்கின்றன.

உங்களுக்கு என் மேல், என்று கேட்கத் தொடங்கினேன். சித்தி முடிக்கவிடவில்லை.

"எனக்கென்ன. வாய இறுக்கிக் கட்டி வச்சிருந்தேன், நீ வந்து அவுத்து விட்ட. ஊருல எத்தன ஆம்பளைக்குத் தன் ஒப்பாரியத் தன் காதால கேக்கக் குடுத்து வச்சிருக்குன்னு அவிய சாகுத வரைக்கும் சொல்லிச் சிரிச்சாவ." சித்தப்பா அதற்குப் பிறகும் சங்கு குளிக்கப் போவதை விடவில்லை; சித்தி பேச்சை விடவில்லை. ஒவ்வொரு நாளும் இருட்டில் அவரை அனுப்பும்போது ஏதாவது ஒன்று, திட்டாக இருந்தாலும் சரி, சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இப்போதும் ஓடும் சத்தம் கேட்டால் பயமா என்று கேட்டேன். சித்தி பக்கத்தில் சாத்தியிருந்த கைத்தடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒரு நிமிசம் நெஞ்சு நிக்கத்தான் செய்யும். வாயத் தொறந்துட்டு ஓடுனா ஒண்ணுமில்ல."

மறு ஞாயிறு மாலை நான் கோவில் பக்கமாக வராமல் கடல் பக்கமாகப் போனேன். மழை பெய்யவில்லை, மணல் இறுகியிருக்கவில்லை, இப்படிப்பட்டவற்றை இரண்டாம் முறை யாரும் ஏற்பாடு செய்து தருவதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். கடலைப் பார்த்தேன். விசைப்படகுகள் நின்றிருந்தன. பாயுமில்லை, நீல ஒட்டுமில்லை. ஓடத் தொடங்கினேன்.

முதல் வீட்டைக் கடந்தபோது வாய் திறக்கவில்லை. கத்த வேண்டும் என்று தெரியும். எதைக் கத்துவது என்று தெரியவில்லை. என் காலத்தில் ஒவ்வொரு கூவலுக்கும் பின்னால் ஒரு வள்ளம் இருந்தது. காலணியின் சத்தம் தெருவில் தடதடவென்று எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜன்னல் திரை விலகியது. என் வயதுக்காரி ஒருத்தி, கையில் செபமாலையோடு, வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தில் அந்தப் பழைய கேள்வியைப் பார்த்தேன். இன்னொரு வாசலிலும் யாரோ எழுந்தார்கள். மேல்முனையில், வெயில் தாழ்ந்த பக்கத்தில், நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு சித்தி எழுவது தெரிந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். குரல் எனக்கே போதவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் கத்தினேன். "ஒண்ணுமில்ல, சும்மா ஓடுதேன். சும்மாதான்."

செபமாலைக்காரி மார்பில் கைவைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள், பிறகு சிரித்தாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். அம்மாவின் வீடு கடந்தது. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. முழங்கால் தன் கருத்தைச் சொல்லியது. நான் அதைக் கேட்டுக்கொண்டே ஓடினேன். காற்று, கொஞ்சம்தான், ஆனால் முதுகுப் பக்கம்தான் இருந்தது.

சித்தியின் வீட்டருகே வந்ததும் என் கால்கள் தாமாகவே தளர்ந்தன. பானையில்லாத அந்த வாசலில் நிற்பதற்கே அவை பழகியிருந்தன போலும். சித்தி கைத்தடியை உயர்த்தினார்.

"ஏ மூதி, என் வாசல்ல மட்டும் நிக்காத. சேதி இல்லேல்லா, பின்ன என்ன. ஓடுளா."

ஓடினேன். கிராதியைத் தொட்டேன், பகலின் சூடு இரும்பில் இன்னும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய என் காதில் பின்னாலிருந்து சித்தியின் குரல் விழுந்தது. எதிர்வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "சேதி ஒண்ணுமில்லியாம்." எதிர்வீடு அதை அடுத்த வீட்டுக்குச் சொல்லியது. சேதி ஒண்ணுமில்லியாம், சேதி ஒண்ணுமில்லியாம் என்று அது வாசல் வாசலாகக் கடலை நோக்கி இறங்கிப் போயிற்று.